தாத்தா ஓட்டியது புல்லட்தானா?

ஞாயிற்றுக்கிழமை காலை 7 மணி. தேனி கம்பம் ரோட்டில் இருக்கும் அந்த மெக்கானிக் ஷெட்டின் ஷட்டர் பாதிதான் ஏறியிருக்கிறது. அன்றைக்கு ஷெட்டுக்கு விடுமுறை. ஆனாலும் உள்ளே ஏழெட்டுப் பேர் கவிழ்த்துப் போட்ட ஆயில் டின்களில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் தன் செல்போனில் ஒரு படத்தைத் திறந்து, பாதியைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு நீட்டுகிறார்.

“இது என்ன வண்டி, சொல்லுங்க பார்ப்போம்!”

இதுதான் விளையாட்டு. ஒரு ஹெட்லைட், ஒரு சைலன்சர் நுனி, ஒரு லீவர், அவ்வளவுதான் கண்ணில் காட்டுவார்கள். அதை வைத்து முதலில் கம்பெனி, அடுத்து மாடல், கடைசியாக வருஷம் சொல்ல வேண்டும். இன்டர்நெட்டைத் தொடக் கூடாது. தப்பாகச் சொன்னவர்கள் டீக்குக் காசு கொடுக்க வேண்டும். சரியாகச் சொன்னவருக்கு இரண்டு உளுந்த வடை. முடிந்ததும் எல்லோரும் அவரவர் பழைய வண்டியை உதைத்துக் கிளப்பி, போடிமெட்டுக்கோ குமுளிக்கோ ஒரு சுற்று போய்விட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்புவார்கள்.

கேட்பதற்குச் சின்னப்பிள்ளை விளையாட்டுபோல இருக்கும். ஆனால், அதற்குப் பின்னால் பெரிய படிப்பே இருக்கிறது.

ஒரு லீவர் போதும்!

கிக்கரும் கியர் லீவரும் ஒன்றாகவே இருந்தால் அது ஜாவா. உள்ளே அழுத்தி மேலே தூக்கி நிறுத்தினால் கிக்கர், கீழே விட்டால் கியர். மைசூரில் ‘ஐடியல் ஜாவா’ தொழிற்சாலை 1960-களின் தொடக்கத்தில் இந்த வண்டியைத் தயாரிக்க ஆரம்பித்தது. 1973-ல் இருந்து அது ‘யெஸ்டி’ என்ற பெயரில் வந்தது. பெயர் மாறியதே தவிர, அந்த ஒற்றை லீவர் மாறவில்லை.

வலதுபக்கம் கியர் லீவர், அதற்குப் பின்னால் குதிகாலால் அழுத்துவதற்கு இன்னொரு குட்டி லீவர் இருந்தால் அது பழைய புல்லட். அந்தக் குட்டி லீவருக்கு ‘நியூட்ரல் ஃபைண்டர்’ என்று பெயர். ஓர் அழுத்து அழுத்தினால் வண்டி நியூட்ரலுக்கு வந்துவிடும். சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் கைகோத்து 1955-ல் ‘என்ஃபீல்டு இந்தியா’வைத் தொடங்கின. திருவொற்றியூரில் இருந்து வந்த அந்த வண்டிதான் தமிழ்நாட்டுக் கிராமங்களில் மிராசுதாருக்கும் போலீஸ்காரருக்கும் அடையாளமாகிப்போனது.

இதெல்லாம் எல்.கே.ஜி. பாடம். ‘பாபி’ படம் 1973-ல் வந்த பிறகு அதே பெயரால் அழைக்கப்பட்ட குட்டி ராஜ்தூத், டீசலில் ஓடிய என்ஃபீல்டு ‘டாரஸ்’, டூ ஸ்ட்ரோக் எஞ்ஜின் வைத்த ‘மினி புல்லட்’... இவற்றை ஒரு மட்கார்டு நுனியை வைத்தே சொல்பவர்கள் இந்த ஷெட்டில் இருக்கிறார்கள். போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் ஒருவர், மின்வாரியத்தில் இருந்து ஓய்வுபெற்ற கூடலூர்க்காரர், ஒரு வங்கி ஊழியர், பாலிடெக்னிக் படிக்கும் ஒரு தம்பி. நடுவர், ஷெட்டின் சொந்தக்காரரான மெக்கானிக் அண்ணன். வயது 60-ஐத் தாண்டிவிட்டது.

சில மாதங்களுக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த ஷெட்டுக்குள் ஒரு டீச்சர் வந்தார். ஸ்கூட்டி சர்வீஸுக்கு எப்போதும் அங்கே வருகிறவர்தான். அன்று வண்டியைப் பற்றிப் பேசவில்லை. கைப்பையில் இருந்து ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை எடுத்து நீட்டினார்.

“அண்ணே, இது எங்க தாத்தா. இது என்ன வண்டின்னு கண்டுபிடிச்சுச் சொல்ல முடியுமா? செவ்வாய்க்கிழமைக்குள்ள தெரியணும்.”

வேட்டி மறைத்த எஞ்ஜின்

ஓரமெல்லாம் பூச்சி அரித்த, போஸ்ட் கார்டு அளவுப் படம். வெள்ளை வேட்டி, முழுக்கைச் சட்டையோடு ஒருவர் மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு முன்னால், டேங்க்கின் மேல் ரிப்பன் வைத்த ஐந்து வயதுச் சிறுமி. வண்டியின் முன்சக்கரத்தை மறைத்துக்கொண்டு, ஸ்டூலில் நிற்கவைத்த ஒரு பையன். அவன் கையில் ஓர் ஆட்டுக்குட்டி. அந்தப் பையன்தான் டீச்சரின் அப்பா. அவர் இறந்து ஒரு வருஷம் ஆகவில்லை. டேங்க்கில் உட்கார்ந்திருக்கும் சிறுமி டீச்சரின் அத்தை. இப்போது 80 வயது, சின்னமனூரில் இருக்கிறார்.

சுருளிப்பட்டி பக்கம் குடும்பத்துக்குச் சொந்தமாக ஒரு திராட்சைத் தோட்டம். அப்பா போன பிறகு பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. திருப்பூரில் வேலை பார்க்கும் டீச்சரின் தம்பி, தோட்டத்தை விற்றுவிடலாம் என்று முடிவு செய்துவிட்டார். தோட்டத்து மோட்டார் ரூமில் கிடக்கும் பழைய இரும்பையெல்லாம் எடுக்க செவ்வாய்க்கிழமை மினி லாரி வரப்போகிறது. அந்த இரும்போடு இரும்பாக, தாத்தாவின் வண்டியில் மிஞ்சியதும் கிடக்கிறது.

“மூணாறு எஸ்டேட் துரை, எங்க தாத்தாவோட நேர்மையைப் பார்த்துட்டு அவரோட புல்லட்டைப் பரிசாக் கொடுத்தாருன்னு வீட்ல சொல்லுவாங்க. தம்பி கல்யாணத்துல பொண்ணு வீட்டுக்காரங்ககிட்டகூட இந்தக் கதையைச் சொன்னாங்க. பரிசா வந்த வண்டியை எடைக்குப் போடலாமாண்ணே? அதான் கேட்க வந்தேன்.”

படம் கைமாறியது. “புல்லட்டேதான்!” என்றார் வங்கி ஊழியர், வடை தனக்குத்தான் என்ற தோரணையில்.

மெக்கானிக் அண்ணன் சிரித்தார். “பின்னாடி ஷாக் அப்சார்பர் எங்கப்பா?”

எல்லோரும் மறுபடி குனிந்து பார்த்தார்கள். பின்சக்கரம் நேராகச் சட்டத்திலேயே மாட்டியிருக்கிறது. குலுக்கலைத் தாங்க சீட்டுக்குக் கீழே இரண்டு ஸ்பிரிங், அவ்வளவுதான். புல்லட்டுக்கு 1949 மாடலிலேயே பின்பக்கம் ஷாக் அப்சார்பர் வந்துவிட்டது. ஜாவாவுக்கும் உண்டு. ஆக, இரண்டும் அவுட்.

“அத்தைக்கு அப்போ அஞ்சு வயசுன்னா, படம் எடுத்தது 1950 வாக்கில். இது சண்டைக் காலத்து வண்டி டீச்சர்” என்றார் அண்ணன்.

இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் படைகளுக்காக லட்சக்கணக்கில் மோட்டார் சைக்கிள்கள் தயாரானதும், போர் முடிந்த பிறகு, ராணுவத்துக்கு வேண்டாத வண்டிகள் ஏலத்துக்கு வந்ததும் வரலாறு. ‘டிஸ்போசல் வண்டி’ என்று அந்தக் காலத்து ஆட்கள் சொல்வது இவற்றைத்தான். பி.எஸ்.ஏ. எம்20, நார்ட்டன் 16எச், மேட்ச்லெஸ் ஜி3எல், போர்க்கால ராயல் என்ஃபீல்டு என நான்கு பெயர்கள் ஷெட்டில் அடிபட்டன. கூடலூர்க்காரர் “நார்ட்டன்” என்று அடித்துச் சொன்னார். வங்கி ஊழியர் “அப்போ போர்க்கால என்ஃபீல்டு” என்று விடாமல் நின்றார். ஏலக்காய்க் கடைக்காரர் மேட்ச்லெஸ் பக்கம். மெக்கானிக் அண்ணன் மட்டும் பி.எஸ்.ஏ.

எஞ்ஜின் தெரிந்தால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். எம்20-யும் நார்ட்டன் 16எச்-சும் ‘சைடு வால்வு’ எஞ்ஜின்கள். வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில் இருப்பதால் எஞ்ஜினின் தலை தட்டையாக, குட்டையாக இருக்கும். மேட்ச்லெஸ்ஸில் வால்வு மேலே இருக்கும். ஆனால், தாத்தாவின் வேட்டி எஞ்ஜினை முழுசாக மூடியிருந்தது. முன்பக்க ஃபோர்க்கைப் பார்க்கலாம் என்றால், அங்கே ஆட்டுக்குட்டி.

“அத்தையைக் கேட்டீங்களா?” என்றான் பாலிடெக்னிக் தம்பி.

டீச்சர் ஒரு நிமிஷம் பேசவில்லை. “இல்ல. அவங்களுக்கு வண்டியப் பத்தி என்ன தெரியும்?” என்றவர், சொன்ன வேகத்திலேயே “போய்க் கேட்டுருவோம்” என்றார்.

ஆட்டுக்குட்டிக்குப் பின்னால் இருந்தது

அன்று போடிமெட்டுப் பயணம் ரத்து. டீச்சரின் கார் முன்னால் போக, பின்னாலேயே புல்லட்டும் ஜாவாவும் சின்னமனூர் போய்ச் சேர்ந்தன. வாசலில் இவ்வளவு வண்டிகளைப் பார்த்ததும் அத்தை பதறிவிட்டார்.

“என்ன தாயி, யாருக்கு என்ன ஆச்சு?”

“ஒண்ணும் ஆகல அத்தே. தாத்தா வண்டிய ஞாபகம் இருக்கா?”

அத்தை படத்தை வாங்கி, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். “எனக்குக் காது குத்துன அன்னைக்கு எடுத்தது” என்றார். மெக்கானிக் அண்ணன் திண்ணையில் அவருக்குக் கீழ்ப்படியில் உட்கார்ந்துகொண்டு, பிள்ளையிடம் கேட்பதுபோலக் கேட்டார்.

“ஆத்தா, நீங்க டேங்க்குல உக்காந்து போவீங்கல்ல... உங்க கண்ணுக்கு நேரா என்ன தெரியும்?”

“லைட்டுதான்...” என்று ஆரம்பித்த அத்தை, வலதுகையை முகத்துக்கு முன்னால் நீட்டி, மேலும் கீழும் ஆட்டிக் காட்டினார். “லைட்டுக்குப் பின்னாடி ஒரு பெரிய சுருள் இருக்கும். பள்ளத்துல இறங்குறப்பல்லாம் அது ஏறி ஏறி இறங்கும். அதையே பாத்துட்டு வருவேன். ‘அதுல விரல விட்றாத, நறுக்கிரும்’னு அப்பா வையும்.”

ஷெட் ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அது ‘கர்டர் ஃபோர்க்’. முன்சக்கரத்தைத் தாங்கும் இரண்டு பக்கச் சட்டங்களுக்கு நடுவில் ஒரே ஒரு பெரிய ஸ்பிரிங் நிற்கும் பழைய அமைப்பு. மேட்ச்லெஸ் ஜி3எல்-லில் அது கிடையாது. அதில் இன்றைய வண்டிகள்போலக் குழாய்க்குள் குழாய் இறங்கும். ஏலக்காய்க் கடைக்காரர் சத்தமில்லாமல் தோல்வியை ஒப்புக்கொண்டார். எல்லோரையும் ஏமாற்றிய ஆட்டுக்குட்டிக்குப் பின்னால் இருந்ததை, 75 வருஷம் கழித்து அத்தையின் கை காட்டிக்கொடுத்துவிட்டது.

“மூணாறு துரை தாத்தாவுக்குக் கொடுத்த வண்டிதான அத்தே?” என்று டீச்சர் கேட்டார்.

“எந்த துரை?” என்றார் அத்தை.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அத்தை படத்தைத் திருப்பிக் கொடுக்காமல், மடியில் வைத்துக்கொண்டே சொன்னார். “மதுரையில டிஸ்போசல்ல எடுத்தது. எங்கம்மாவோட ரெட்டவடச் சங்கிலிய வித்த காசு. அம்மா ஒரு வார்த்த சொல்லல. ஆனா வண்டி வந்த அன்னைக்கு அடுப்பு பத்த வைக்கல. அது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அப்பாவுக்கு அது மனசுல இருந்துச்சுபோல. கேக்குறவங்ககிட்டல்லாம் துரை கொடுத்ததுன்னு சொல்ல ஆரம்பிச்சுட்டாரு. அப்புறம் அதுவே நெசமாயிருச்சு.”

“இத ஏன் அத்தே நீங்க சொல்லவே இல்ல?”

“யாரு கேட்டா?”

அத்தை கோபமாகச் சொல்லவில்லை. டீச்சருக்கு அதுதான் உறுத்தியது. தோட்டத்தை விற்கும் பேச்சு ஆறு மாதமாக நடக்கிறது. அதைப் பற்றிக்கூட அத்தையிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை.

மண்ணெண்ணெயில் தெரிந்த எழுத்து

அத்தையும் காரில் ஏறிக்கொண்டார். உத்தமபாளையம், கம்பம் தாண்டி சுருளிப்பட்டி தோட்டத்துக்குப் போனபோது மதியம் ஆகிவிட்டது. மோட்டார் ரூமில் மருந்தடிக்கும் டிரம்கள், சொட்டுநீர்க் குழாய்ச் சுருள்கள், பந்தல் கம்பிகள். எல்லாவற்றையும் ஒதுக்கியபோது, சுவரோரம் சாய்ந்து கிடந்தது அது.

டேங்க் இல்லை. ஹெட்லைட் இல்லை. முன்சக்கரமும் ஃபோர்க்கும் எப்போதோ காணாமல் போயிருந்தன. சட்டம், எஞ்ஜின், கியர் பாக்ஸ், பின்சக்கரம், சீட்டின் இரண்டு ஸ்பிரிங்குகள் மட்டும் மிச்சம். எஞ்ஜினின் தலை தட்டையாக இருந்ததைப் பார்த்ததும் கூடலூர்க்காரருக்கு முகம் மலர்ந்தது. சைடு வால்வு! அப்படியென்றால் பி.எஸ்.ஏ.வா, நார்ட்டனா, என்ஃபீல்டா?

“டேங்க்கைப் பார்த்து ஏமாறலாம், ஸ்டிக்கரைப் பார்த்து ஏமாறலாம், நம்பர் பிளேட்டை மாத்திடலாம். இரும்புல அடிச்ச எழுத்து மட்டும் பொய் சொல்லாது” என்றபடி மெக்கானிக் அண்ணன் கீழே உட்கார்ந்தார். வேஸ்ட் துணியை மண்ணெண்ணெயில் நனைத்து, சிலிண்டருக்குக் கீழே எஞ்ஜின் உடம்பில் தேய்த்தார். பாலிடெக்னிக் தம்பி உப்புத்தாளை எடுத்தபோது கையைத் தட்டிவிட்டார். “அதால தேய்ச்சா எழுத்தே போயிரும்டா!”

எழுபது வருஷ எண்ணெய்ப்பிசுக்கும் மண்ணும் கரைந்து இறங்க, ஒவ்வொரு எழுத்தாக வந்தது. டபிள்யூ. எம். 2. 0. அதற்குப் பின்னால் சில எண்கள்.

பி.எஸ்.ஏ. எம்20. முன்னால் இருக்கும் ‘டபிள்யூ’, ராணுவத்துக்காகச் செய்தது என்பதற்கான அடையாளம். ‘பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ்’ என்பதன் சுருக்கம்தான் பி.எஸ்.ஏ. துப்பாக்கி செய்யத் தொடங்கப்பட்ட கம்பெனி. சாய்த்துவைத்த மூன்று துப்பாக்கிகள்தான் அதன் சின்னம். போர்க்காலத்தில் மட்டும் சுமார் 1,26,000 எம்20 வண்டிகளை அது செய்து கொடுத்தது. 500 சி.சி. இருந்தும் 13 குதிரைத்திறன்தான், எடை கிட்டத்தட்ட 170 கிலோ. வேகம் போகாது. ஆனால், சேற்றிலும் மணலிலும் சளைக்காமல் இழுக்கும். அந்தக் காலத்துக் கம்பம் பள்ளத்தாக்கின் வண்டித்தடங்களுக்கு இதைவிடப் பொருத்தமான வண்டி கிடைத்திருக்காது.

அத்தை எஞ்ஜின் பக்கம் வரவில்லை. பின்னால் நின்று சீட்டின் ஸ்பிரிங்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். “அம்மா ஒருக்காகூட இதுல ஏறல” என்றார்.

எடைக்கு எடை

தம்பிக்கு டீச்சர் அங்கிருந்தே போன் போட்டார். புல்லட் இல்லை என்றதும் தம்பிக்கு முதலில் நம்பிக்கையில்லை. துரை கதையும் இல்லை என்றதும் கோபம் வந்தது. “அத்தைக்கு வயசாயிருச்சுக்கா, ஏதோ மாத்திச் சொல்றாங்க” என்றார். இரும்பில் அடித்திருந்த எழுத்தைப் படமெடுத்து அனுப்பிய பிறகு அமைதியானார். பத்து நிமிஷத்தில் அவரே திரும்பக் கூப்பிட்டார். “நல்ல விலைக்குப் போகும்போல இருக்கே, வித்துப் பங்கு போட்டுக்கலாமா?”

மெக்கானிக் அண்ணன் போனை வாங்கிப் பொறுமையாகப் பேசினார். ஃபோர்க்கும் டேங்க்கும் இல்லாத வண்டிக்கு யாரும் லட்சங்களைக் கொட்ட மாட்டார்கள். ஆர்.சி. புக்கும் இல்லை. 50 வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிகளை ‘விண்டேஜ்’ என்று பதிவுசெய்ய 2021-ல் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்திருக்கிறது. நம்பர் பிளேட்டில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் வரும், புதிய பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம், 10 வருஷம் செல்லும். ஆனால், வண்டி அசல் வடிவத்தில் இருக்க வேண்டும், தினசரி ஓட்டவும் கூடாது. இந்த வண்டி அந்த நிலைக்கு வர வருஷக்கணக்கில் ஆகலாம். வராமலும் போகலாம்.

“அப்ப இரும்பு விலைதானே?” என்றார் தம்பி.

“சரி, இரும்பு விலையே நான் தர்றேன்” என்றார் டீச்சர்.

செவ்வாய்க்கிழமை மினி லாரி வந்தது. பழைய இரும்புக் கடைக்காரரின் தராசிலேயே வண்டியையும் எடை போட்டார்கள். கிலோ 30 ரூபாய். அந்தத் தொகையை டீச்சர் அங்கேயே நின்று ஜிபேயில் தம்பிக்கு அனுப்பினார். தம்பி வாங்கிக்கொண்டார். மறுநாள் காலை, அதில் பாதி அத்தையின் மகன் கணக்குக்குப் போயிருந்தது. கூடவே ஒரு வரி: “அத்தைகிட்ட கொடுத்துருங்க.” தோட்டத்து விஷயத்திலும் கையெழுத்துக்கு முன்னால் ஒருமுறை சின்னமனூர் வந்து பேசிவிட்டுப் போவதாகத் தம்பி சொல்லியிருக்கிறார். பேசுவார் என்று டீச்சர் நம்புகிறார்.

வண்டி இப்போது கம்பம் ரோடு ஷெட்டில் நிற்கிறது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, துருப்பிடித்து இறுகிய பிஸ்டனுக்கு மேல் டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றி வைத்திருக்கிறார்கள். வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை, விளையாட்டு ஆரம்பிப்பதற்கு முன்னால் ஆளுக்கொரு தடவை கிக்கரை மெதுவாக அழுத்திப் பார்ப்பது புது வழக்கமாகிவிட்டது. உதைக்கக் கூடாது, அழுத்த மட்டும்தான் வேண்டும் என்பது அண்ணனின் உத்தரவு. ஃபோர்க் தேடி மதுரைக்கும் கோயம்புத்தூருக்கும் சொல்லிவைத்திருக்கிறார்கள்.

உங்கள் வீட்டிலும் இருக்கிறதா?

தோட்டத்திலோ, தாத்தா வீட்டுப் பின்கட்டிலோ இப்படி ஒரு வண்டி கிடந்தால், மெக்கானிக் அண்ணன் சொல்லும் நான்கு விஷயங்கள்:

* எடைக்குப் போடுவதற்கு முன்னால் நான்கு பக்கமும் படம் எடுங்கள். கிக்கர், கியர் லீவர், முன் ஃபோர்க், பின் ஷாக் அப்சார்பர் தெளிவாகத் தெரியட்டும்.
* எஞ்ஜின் நம்பரையும் சேஸிஸ் நம்பரையும் மண்ணெண்ணெயும் துணியும் கொண்டு மட்டும் துடையுங்கள். உப்புத்தாள், கிரைண்டர் வேண்டாம். எழுத்தின் மேல் மறுபடி அடிப்பது குற்றம்.
* ஆர்.சி. புக், வரி ரசீது, பழைய இன்ஷூரன்ஸ் என எந்தக் காகிதம் கிடைத்தாலும் பத்திரப்படுத்துங்கள்.
* வீட்டில் இருக்கும் வயதானவர்களைக் கேளுங்கள். முக்கியமாக, அந்த வண்டியை ஓட்டாதவர்களை.

கடைசி விஷயத்தை அவர் சமீபத்தில்தான் சேர்த்தாராம்.

போன மாதம் அத்தை ஷெட்டுக்கு வந்திருந்தார். ஆயில் டின்னில் துண்டு விரித்து உட்காரவைத்து, சரியான விடைக்கு உரிய இரண்டு வடையைக் கையில் கொடுத்தார்கள். “நான் என்னப்பா சொன்னேன், ஒரு சுருளத்தான சொன்னேன்” என்று கூச்சப்பட்டவர், வண்டியைக் காட்டி “இது ஓடுமா?” என்று கேட்டார். அண்ணன் பதில் சொல்லாமல் எழுந்துபோய்க் கிக்கரில் காலை வைத்து அழுத்தினார்.

ஓர் அங்குலம் இறங்கியது. அன்றைக்குத்தான் முதல் தடவை.